வாடகைப் பாக்கி: ஒளிந்தால் வளரும்!

70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறினோம். ஆடித் திங்களில் நடைபெறும் வல்வில் ஓரி விழா. வாரி வழங்கிய வள்ளலின் சிலை நிற்கும் செம்மேட்டிலே மக்கள் வெள்ளம்! நம்முடன் சென்னையிலிருந்து ஒரு தோழர் வந்திருந்தார். மூட்டை தூக்கிப் பிழைப்பவர். வாரியக் குடியிருப்பிலே வாழ்பவர். மலையின் குளிர் உடலுக்கு இதமளித்தது. அவர் உள்ளமோ கொதித்துக் கொண்டிருந்தது. காரணம் கேட்டோம். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். வாடகைப் பாக்கிக்கான நோட்டீஸ்! பல நாளாகப் பிரிக்கப்படாமலே கிடந்த காகிதம்.

"பிரித்தால் தொகை தெரியும், தெரிந்தால் தூக்கம் போகும். அதனால்தான் பிரிக்கவில்லை" என்றார்.

அருகிலே அமர்ந்திருந்தார் மலையாளிப் பெரியவர் ஒருவர். மிளகும் மரவள்ளியும் பயிரிடுபவர். அவர் சிரித்தார். ஏளனச் சிரிப்பல்ல, பட்டறிந்தவர் சிரிப்பு.

"எனக்கு வாடகை கிடையாது தம்பி. மண்சுவர்தான், ஆனால் சொந்த வீடு. கடன் மட்டும் எனக்கும் தெரியும். மிளகு கொடியிலே பச்சையாக இருக்கும்போதே வியாபாரியிடம் முன்பணம் வாங்கினேன். கணக்குக் கேட்கக் கூச்சப்பட்டேன். அவர் வருகிற வழியிலே நடக்காமல் வேறு வழியிலே நடந்தேன். அறுவடை நாளிலே அவர் சொன்னதே விலை, அவர் எழுதியதே கணக்கு! கடன் என்னைக் கெடுக்கவில்லை தம்பி, ஒளிந்ததுதான் கெடுத்தது."

மலையிலே கேட்ட அந்தச் சொல், மாநகரத்துக்கும் பொருந்தும் என்பதாலேயே இதை எழுதுகிறோம்.

1970-ஆம் ஆண்டு தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் பிறந்தது. 1971-ல் குடிசைப் பகுதிச் சட்டம் வந்தது. ஓலைக் குடிசையிலே தீயோடும் வெள்ளத்தோடும் போராடிய ஏழைக்குக் கல் வீடு கிடைத்தது. 2021-ல் அந்த வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிற்று. பெயர் மாறினாலும் மாதம் பிறந்தால் தொகை கட்டவேண்டிய கடமை மாறவில்லை. வாடகை என்பார்கள், தவணை என்பார்கள், பராமரிப்புக் கட்டணம் என்பார்கள். உழைப்பாளியின் பையிலிருந்துதானே வரவேண்டும்?

ஏன் பாக்கி விழுகிறது? சோம்பலாலா? அல்ல! கூவம் கரையிலும் கடற்கரை ஓரத்திலும் இருந்தவரை வேலை காலடியிலே இருந்தது. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடும்பங்கள் பெயர்க்கப்பட்டன. நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரும் அதற்கு மேலும்! நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்த தாய்க்கு, பேருந்திலே போய்வரும் நேரமே இரண்டு வீட்டு வேலையை விழுங்கிற்று. கூலி குறைந்தது, செலவு கூடியது, பாக்கி ஏறியது. இதிலே குற்றவாளி யார்? அந்தத் தாயா?

வருமானத்தைப் பார்த்து வாடகை வைக்க முடியாதா? முடியும் என்கிறது சிங்கப்பூர். 1960-ல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், ஏழைகளுக்கான வாடகை வீடுகளில் குடும்ப வருமானத்தைப் பார்த்தே வாடகையை வகுக்கிறது; மிகக் குறைந்த வருமானம் உள்ளோருக்கு ஓரறை வீட்டின் வாடகை மாதம் 26 வெள்ளியிலிருந்து தொடங்குகிறது. தமிழர் பலர் வாழும் அந்தத் தீவிலே நடப்பது, தமிழகத்திலே நடக்கலாகாதா?

கேட்டால் கிடைக்குமா என்போர், கிளாஸ்கோ நகரைப் பார்க்கட்டும்! 1915-ஆம் ஆண்டு. ஆடவர் பலர் போர்முனையிலே. வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தினர். மேரி பார்பர் என்ற பெண்மணி முன்னின்றார். 20,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் உயர்ந்த வாடகையைக் கட்ட மறுத்தன. வெளியேற்ற ஆள் வந்தால் மணி ஒலிக்கும். தெருப்பெண்கள் திரண்டு மாவை வீசி விரட்டுவார்கள். நவம்பர் 17-ல் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் நீதிமன்றம் நோக்கி நடந்தனர். அவ்வாண்டு முடியுமுன்னே, வாடகையைப் போருக்கு முந்திய அளவிலே நிறுத்தும் சட்டம் வந்தது!

ஒன்றைக் கவனியுங்கள், தோழர்களே. அவர்கள் ஒளியவில்லை. கணக்கை அறிந்திருந்தார்கள், கூடி நின்றார்கள், காரணத்தை உரக்கச் சொன்னார்கள். தனியே கதவைத் தாழிட்டுக்கொண்டு நோட்டீசைப் பாயின் கீழே செருகுவது போராட்டமல்ல. பொறியிலே தானே போய் விழுவது.

ஆகவே, செய்யவேண்டியது என்ன? முதலில் நோட்டீசைப் பிரியுங்கள். எத்தனை மாதம், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எழுத்திலே கேளுங்கள். கட்டிய ரசீதுகளை எடுத்து ஒப்பிடுங்கள். வேலை போனாலோ, நோய் வந்தாலோ, பாக்கி மலையாகுமுன் அலுவலகத்திலே மனு கொடுங்கள். நடப்பு மாதத் தொகையோடு பழைய பாக்கியிலே சிறு பங்கு கட்டத் தவணை கேளுங்கள். தாங்கக்கூடிய தொகையையே ஒப்புக்கொள்ளுங்கள். வீம்புக்குப் பெரிய தொகை சொல்லி அடுத்த மாதமே தவறவேண்டாம். வட்டித் தள்ளுபடி அறிவிப்பு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இடைத்தரகர் கையிலே ஒரு காசும் கொடாதீர்கள். ரசீது இல்லாத பணம் ஆற்றிலே போட்ட பணம்!

இன்னொன்று. வாரியக் கடனை அடைக்கக் கந்துவட்டிக்காரன் வாசலை மிதிக்காதீர்கள். மீட்டர் வட்டியையும் கந்துவட்டியையும் தடைசெய்ய 2003-லேயே சட்டம் வந்தது. ஆயினும் வாரந்தோறும் வாசலில் நிற்கும் வட்டிக்காரன் ஒழிந்தானில்லை. வாரியத்திடம் மனு கொடுக்கலாம். அவனிடம் மன்றாடத்தான் முடியும்.

கழகப் பணியாளருக்கும் ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு குடியிருப்பிலும் வாரம் ஒருநாள் அமருங்கள். நோட்டீசைப் படித்துக் காட்டுங்கள். மனு எழுதிக் கொடுங்கள். முதியவரோடு அலுவலகம் செல்லுங்கள். மேடையிலே முழங்கும் ஒருமணி நேரத்தைவிட, அந்த ஒரு மனு ஒரு குடும்பத்தின் கூரையைக் காக்கும்.

மலையிறங்கும்போது, வளைவுகளுக்கு இடையே தோழர் அந்த நோட்டீசைப் பிரித்தார். விரல்விட்டு எண்ணினார். "அஞ்சியதிலே பாதிகூட இல்லை. இதிலே இரண்டு மாதம் நான் கட்டிவிட்டேன், ரசீது வீட்டிலே இருக்கிறது!" என்றார். திங்கட்கிழமை அலுவலகம் போவதாகச் சொன்னார். தனியே அல்ல, பக்கத்து வீட்டார் நால்வரோடு!

வாடகை கட்டுவது நம் கடமை. கட்டக்கூடிய வாடகை கேட்பது நம் உரிமை. இரண்டையும் தலைநிமிர்ந்து செய்வோம்!