உஷார்! கை நீட்டினாலே கழுத்துக்குக் கயிறு

சூனியக்காரி வேட்டை என்றோ முடிந்துபோன வெள்ளைக்காரர் கதை என்று நினைக்கிறீர்களா? உஷார்! அது ஊருக்குள் நுழையும் வழி இன்றும் அப்படியே திறந்து கிடக்கிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு சேலம் இருக்கிறது. 1692-ல் அங்கே சூனியம் செய்ததாகச் சொல்லி 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். விசாரணைக்கு உடன்பட மறுத்த கிழவர் ஜைல்ஸ் கோரியைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். நாலைந்து வயதுக் குழந்தையைக்கூட விலங்கு மாட்டிச் சிறையில் அடைத்தார்கள். செத்தவர்களை நினைக்கும்போது, அவர்கள் எப்படிச் சிக்கினார்கள் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். இந்த மூன்று அறிகுறிகளும் எங்கே தெரிந்தாலும் ஆபத்து!

அறிகுறி 1: புரியாத நோய்க்கு ஆள் தேடுவது. பாதிரியார் வீட்டுச் சிறுமிகள் இருவருக்கு வலிப்பு மாதிரி வந்தது. மருத்துவருக்குப் பிடிபடவில்லை, தீய சக்தியின் வேலை என்றார். முதலில் மாட்டியவர்கள் ஓர் அடிமைப்பெண், ஒரு பிச்சைக்காரி, ஒரு நோயாளி. ஏன் என்று கேட்க நாதியில்லாதவர்கள்.

அறிகுறி 2: குற்றம் சொல்பவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும் சாட்சி. ‘அவள் உருவம் வந்து என்னைக் கிள்ளியது’ என்றால் போதும், நீதிமன்றம் அதை ஆதாரமாக எடுத்துக்கொண்டது.

அறிகுறி 3: உண்மை சொன்னால் சாவு, பொய் சொன்னால் உயிர். ‘ஆமாம், நான் சூனியக்காரிதான்’ என்று ஒப்புக்கொண்டவர்கள் தூக்கிலிருந்து தப்பினார்கள். மறுத்தவர்கள் தொங்கினார்கள். 71 வயது ரெபேக்கா நர்ஸ் நிரபராதி என்றுதான் ஜூரிகள் முதலில் சொன்னார்கள். கோர்ட்டில் கூச்சல் கிளம்பியதும் மறுபடி யோசிக்கச் சொன்னார்கள். காது மந்தமான அந்தப் பாட்டி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றார். அதையே குற்றமாக்கித் தூக்கில் ஏற்றினார்கள்.

பிறகு வருத்தப்பட்டார்கள், நஷ்டஈடும் கொடுத்தார்கள். ஆனாலும் 1693-ல் தண்டிக்கப்பட்ட எலிசபெத் ஜான்சனின் பெயரில் இருந்த கறை சட்டப்படி நீங்க 2022 ஆனது.

இங்கே நிலைமை என்ன? இந்த வெறியைத் தடுக்க பீகார் 1999-லும் ஜார்க்கண்ட் 2001-லும் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. ஜார்க்கண்டின் சுட்னி மகதோ, சூனியக்காரி என்று பட்டம் கட்டப்பட்டு ஊரார் கையில் சித்திரவதைப்பட்டவர். உயிர் தப்பி, தன்னைப் போன்ற பெண்களை மீட்கப் பாடுபட்டதற்காக 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். சட்டம் வந்தும் கொலைகள் நின்றபாடில்லை.

ஆகவே, குறி சொல்பவர் ‘பக்கத்து வீட்டுக்காரிதான் செய்வினை வைத்திருக்கிறாள்’ என்றால், அந்த நொடியே எழுந்து வந்துவிடுங்கள். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கேட்ட பெயரை வீட்டிலும் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப்பிலும் போடாதீர்கள். யாரையாவது சுற்றிக் கூட்டம் சேர்கிறதா? வேடிக்கை பார்க்காமல் உடனே 112-க்குப் போன் போடுங்கள். அடி விழுந்த பிறகு வரும் போலீஸால் வழக்குதான் போட முடியும்.