டீசல் போட்டாச்சா? வண்டியை முன்னால் எடுங்க!

பெங்களூர் பிரேசர் டவுனில் இரவு 10 மணிக்கு மேல் கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கும். மாஸ்க் ரோட்டில் சாப்பாட்டுக் கடைகள் மட்டும் விழித்திருக்கும். அந்த நேரத்தில்தான் லாரிகள் வரத் தொடங்கும்.

பகலில் நகருக்குள் கனரக லாரிகளுக்குப் பெரும்பாலும் தடை. எந்த மணி முதல் எந்த மணி வரை என்பதைப் போக்குவரத்து போலீசார் அவ்வப்போது மாற்றுவார்கள். ஆனால் டிரைவருக்குக் கணக்கு ஒன்றுதான். இரவில் உள்ளே வரவேண்டும். சரக்கை இறக்க வேண்டும். டீசல் போட வேண்டும். விடிவதற்குள் வெளியே போய்விட வேண்டும்.

தவறினால் பகல் முழுவதும் வண்டி ஓரங்கட்டிக் கிடக்கும். அடுத்த லோடு கைமாறிப் போகும். பேட்டாவும் போச்சு!

அதனால்தான் பெட்ரோல் பங்க்கில் ஒருவர் வீணாக்கும் பத்து நிமிடம், அவருக்குப் பின்னால் நிற்பவருக்கு ஒரு நாள் கூலியாகிவிடுகிறது. இதற்காக லாரிக்காரர்கள் தங்களுக்குள் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்த சட்டம் அல்ல. மீறினால் அபராதமும் இல்லை. ஆனால் மீறியவரின் பெயர் அடுத்த டீக்கடைக்கு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

துண்டை எடுத்தால் தகராறு

முதல் விதி மிகவும் எளிது. குழாய்க்கு முன்னால் வண்டி நிற்பது டீசல் போடுவதற்கு மட்டுமே. போட்டு முடித்ததும் வண்டியை முன்னால் எடுத்து ஒதுக்கிவிட்டு, அதன் பிறகு குளிக்கலாம், டீ குடிக்கலாம், வீட்டுக்குப் போன் பேசலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லாரிக்கு 300 லிட்டர் டீசல் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் குழாய் நிமிடத்துக்கு 40 லிட்டர் அளவில் ஊற்றும். ஏழரை நிமிடத்தில் வேலை முடிந்தது. இந்த நேரத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் டிரைவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டால்? இருபது நிமிடம். பின்னால் நான்கு லாரி நின்றால், நான்கு பேருக்கும் சேர்த்து 80 நிமிடத் தூக்கம் போயிற்று.

நெடுஞ்சாலை பங்க்குகளில் இது அவ்வளவாகத் தெரியாது. அங்கே இடம் உண்டு. லாரிகளுக்கென்றே வேகமாக ஊற்றும் குழாய்களும் பல இடங்களில் உண்டு. பிரேசர் டவுன் அப்படி அல்ல. இது 1910-ல் உருவான பேட்டை. மைசூர் மகாராஜா கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைத் தாங்கியது. இன்று புலிகேசி நகர் என்பது அரசாங்கப் பெயர். ஜட்கா வண்டி ஓடிய காலத்துத் தெருக்களில் பத்துச் சக்கர லாரி திரும்புவதே பெரிய வித்தை. இப்படிப்பட்ட பேட்டையில் பங்க்கின் முற்றம் இரண்டு லாரிக்குக் கொள்ளாது. மூன்றாவது லாரி ரோட்டில்தான் நிற்கும். அதற்குப் பின்னால் ஆட்டோ, அதற்குப் பின்னால் கடைசி பஸ், அதற்குப் பின்னால் ஆம்புலன்ஸ்கூட இருக்கலாம். நெடுஞ்சாலையில் வெறும் மரியாதையாக இருக்கும் ஒன்று, இங்கே கட்டாயமாகிவிடுகிறது.

ஹாரன் அடிக்கக்கூடாது

முன்னால் நிற்பவர் நகரவில்லை என்றால் என்ன செய்வது? ஹாரன் அடிப்பதுதான் புதிதாக வந்தவர்களின் பழக்கம். பழைய கைகள் அப்படிச் செய்வதில்லை. இறங்கி நடந்துபோய், "அண்ணே, கொஞ்சம் முன்னாடி எடுங்கண்ணே" என்பார்கள். கன்னடக்காரராக இருந்தால், "குரு, ஸ்வல்ப முந்தே ஹோகி" என்பார்கள். வடநாட்டு டிரைவராக இருந்தால் "பாயி சாப்" போதும். நம்பர் பிளேட்டைப் பார்த்துப் பாஷையை மாற்றிக்கொள்வதில் நம் நாமக்கல், சங்ககிரி டிரைவர்கள் கெட்டிக்காரர்கள். ஐந்து மாநில வார்த்தைகள் நாக்கில் இருக்கும். இலக்கணம் மட்டும் இருக்காது!

ஸ்டியரிங் மீது தலை சாய்த்துத் தூங்குபவரானால் கதவை மெல்லத் தட்டுவார்கள். முந்தின இரவு அவர் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று யாருக்குத் தெரியும்?

ஹெட்லைட்டும் அப்படித்தான். பங்க்குக்குள் நுழைந்ததும் அணைத்துவிட வேண்டும். அந்த வெளிச்சம் முன்வண்டிக் கண்ணாடியிலும், குழாய் பிடிக்கும் பையன் கண்ணிலும் நேராக அடிக்கும். அவன் மீட்டரைப் பார்ப்பானா, கண்ணைக் கசக்குவானா?

ஊருக்குப் போகுமுன் டாங்க் நிறைய

தமிழ்நாட்டு லாரிகள் ஊர் திரும்பும்போது பெங்களூரிலேயே டாங்க்கை நிரப்பிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. டீசல் மீது கர்நாடகம் போட்ட விற்பனை வரி முன்பு 14.34 சதவீதம். அப்போது சென்னை விலையைவிட இங்கே லிட்டருக்கு ஆறு ரூபாய்க்கு மேல் குறைவு. 300 லிட்டர் போட்டால் சுமார் 1,900 ரூபாய் மிச்சம்! 2024 ஜூனில் வரி 18.44 சதவீதம் ஆயிற்று. 2025 ஏப்ரல் 1-ந் தேதி 21.17 சதவீதம் ஆயிற்று. அந்த மாதமே கர்நாடக லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். விலை வித்தியாசம் ஒன்றிரண்டு ரூபாயாகச் சுருங்கிவிட்டது. ஆனாலும் பழக்கம் போகவில்லை. ஓசூர் ரோட்டைப் பிடிக்குமுன் டாங்க் நிறைந்திருந்தால் டிரைவருக்கு ஒரு நிம்மதி.

கிளீனர் எங்கே?

இந்தப் பழக்கவழக்கங்களையெல்லாம் டிரைவருக்குக் கற்றுக்கொடுத்தது கிளீனர் வேலைதான். இடது பக்கம் பார்ப்பது, டாங்க் மூடியைத் திறப்பது, மீட்டரில் ஜீரோ பார்ப்பது, பாடியைத் தட்டி "வரலாம், வரலாம்" சொல்வது எல்லாம் கிளீனர் பார்த்துக்கொள்வார். அவரே பிற்பாடு டிரைவராவார். இப்போது எத்தனையோ லாரிகளில் கிளீனரே இல்லை. ஒற்றை டிரைவர்தான். சம்பளம் கட்டுபடியாகவில்லை என்கிறார்கள் முதலாளிகள். அந்த வேலைக்குப் பையன்கள் வருவதில்லை என்பதும் உண்மை.

விளைவு பங்க்கில் தெரிகிறது. ஒற்றை ஆள் இறங்கி, மூடி திறந்து, ஜீரோ பார்த்து, பணமும் கட்டவேண்டும். அவரைத் திட்டுவது நியாயம் இல்லை. பக்கத்து வண்டிக்காரர் இறங்கி, பின்னால் நின்று கை காட்டுவதுதான் இப்போதைய மரியாதை. குறுகலான முற்றத்தில் ரிவர்ஸ் எடுக்கும் ஒற்றை டிரைவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

பணம் கட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. எண்ணெய்க் கம்பெனிகளின் டீசல் கார்டு வைத்திருப்பவர்களுக்கு, பதிவு செய்த செல்போனுக்கு ரகசிய எண் வரும். அந்தப் போன் திருச்செங்கோட்டில் முதலாளியின் தலையணைக்கு அடியில் இருந்தால், இரவு 2 மணிக்கு வரிசை முழுவதும் அவர் கண்விழிக்கக் காத்திருக்க வேண்டியதுதான். குழாய்க்கு வருமுன்பே போன் போட்டு எழுப்பிவிடுவது நல்லது.

அளவில் சந்தேகம் வந்தால் கேட்க டிரைவருக்கு முழு உரிமை உண்டு. முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்கவேண்டும். 25 மில்லி வரை கூடக்குறைய இருக்கலாம். அதற்கு மேல் குறைந்தால் புகார் செய்யலாம். ஆனால் டாங்க் நிறைந்த பிறகு சண்டை போட்டுப் பயன் இல்லை. முதலிலேயே கேட்க வேண்டும்.

குழாயடியில் எஞ்சினை அணைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். ஏ.சி. நின்றுவிடுமே என்று எஞ்சினை ஓடவிடும் ஆசை இனி வரும். அது கூடாது. பீடியும் கூடாது. ஸ்டவ் மூட்டிச் சோறு ஆக்குவதானால் பங்க்கை விட்டு நன்றாகத் தள்ளிப் போய்விட வேண்டும்.

ஸ்கூட்டர்காரர்களுக்கும் உண்டு

மரியாதை லாரிக்காரர்களுக்கு மட்டும்தானா? வேலை முடிந்து வீடு திரும்பும் நம் ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் அன்பர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நகரப் போகும் லாரியின் மூக்குக்கு முன்னால் வண்டியைச் செருகி நிறுத்துகிறார்கள். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு, பம்பரை ஒட்டி நிற்கும் ஸ்கூட்டர் தெரியாது. இடது பக்கச் சக்கரத்தை ஒட்டி நிற்பதும் தெரியாது. கிளீனரும் இல்லை என்றால் எச்சரிக்க ஆள் ஏது? டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், உங்களை அவருக்கும் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பங்க்காரர்களுக்கும் கடமை இருக்கிறது. காற்று, குடிநீர், கழிப்பறை மூன்றும் இலவசமாகத் தரவேண்டும் என்பது எண்ணெய்க் கம்பெனிகளின் விதி. கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தேடவிடும் பங்க்கில், டிரைவர் தாமதிக்கிறார் என்று கோபிப்பது என்ன நியாயம்?

அமெரிக்காவிலும் இதே தகராறுதான். அங்கே டீசல் போட்டதும் வண்டியை முன்னால் உள்ள கோட்டுக்கு நகர்த்திவிட்டுத்தான் கடைக்குள் போகவேண்டும் என்பது டிரைவர்களிடையே வழக்கம். நகர்த்தாதவருக்கு அங்கேயும் ஏச்சுதான். ஆனால் ஒரு வித்தியாசம். 50 காலன், அதாவது சுமார் 190 லிட்டர் டீசல் போட்டால் பல இடங்களில் வெந்நீர்க் குளியல் இலவசம். எட்டு மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு அங்கே சட்டப்படி கட்டாயம். ஐரோப்பாவில் நாலரை மணி நேரத்துக்கு 45 நிமிடம்.

நம் நாட்டிலும் ஐந்து மணி நேர வேலைக்கு அரை மணி ஓய்வு என்று 1961-லேயே மோட்டார் தொழிலாளர் சட்டத்தில் எழுதினார்கள். எழுதியதோடு சரி. முன்பு வணிகவரி செக்போஸ்ட்டில் வண்டி நிற்கும்போதாவது டிரைவர் கால் நீட்டினார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து அதுவும் போயிற்று. 2021-ல் பாஸ்டேக் கட்டாயமாகி டோல்கேட் நிறுத்தமும் குறைந்தது. சீட்டை விட்டு இறங்கி அவர் தரையில் கால் வைக்கும் இடம் இன்று பெட்ரோல் பங்க்தான். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்க ஓடுவதும் அதனால்தான்.

குளிக்கட்டும். லாரி மட்டும் பத்தடி முன்னால் நிற்கட்டும். பின்னால் இருப்பவர் விடியுமுன் ஹோஸ்கோட்டையைத் தாண்டியாக வேண்டும்.