பீரோ சாவி யாரிடம்?

"கிழித்துவிட்டால் யார் பதில் சொல்வது?" ஆரம்பப் பள்ளிகளில் புத்தக பீரோவைப் பூட்டி வைப்பதற்குச் சொல்லும் காரணம் இதுதான். பயம் நியாயமானதே, இருப்பில் குறைந்தால் கணக்குக் கேட்பார்களே! ஆனால் சீர்காழியில் பிறந்த நூலக மேதை எஸ். ஆர். ரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதே, புத்தகம் பயன்படுத்துவதற்காக என்பதுதான்.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், சிறுவர் புத்தகங்களை நான்கு படிகளாகப் பிரித்தது: நுழை, நட, ஓடு, பற. எத்தனை அழகான பெயர்கள்! எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை 'நுழை'யில் ஆரம்பிக்கட்டும். ஐந்தாம் வகுப்பு ஆயிற்றே என்று 'ஓடு' புத்தகத்தைத் திணித்தால், புத்தகமே கசந்துவிடும்.

படித்தபின் பரீட்சை மட்டும் வேண்டாம். நரி வேஷம் போட்டு ஆடட்டும். கதையின் முடிவை மாற்றிச் சொல்லட்டும். வகுப்பிலேயே துடுக்கான பெண்ணிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, யார் எதை எடுத்தார்கள் என்று எழுதச் சொல்லலாம். சாவியும் அவளிடமே இருக்கட்டுமே!

புத்தகம் வீட்டுக்கு வந்தால், "பாடம் எழுதியாச்சா?" என்று அதட்டாதீர்கள், அம்மா. நீங்கள் கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஓரம் கிழிந்தால் என்ன, மைதாப் பசை இருக்கவே இருக்கிறது!