நிலம் நெளியும்போது சுரங்கம்

மைசூருக்கு அருகிலுள்ள கிருஷ்ணராஜ சாகர் அணையின் நீரை மண்டியா வயல்களுக்குக் கொண்டு செல்லும் விசுவேசுவரய்யா கால்வாய், ஹுலிகெரே அருகே குன்றைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் வழியாகப் பாய்கிறது. இத்தகைய சுரங்கம் நிலநடுக்கத்தை எவ்வாறு எதிர்கொள்ளும் என்பதைக் கணினியில் உருவகித்துக் காணும் முறை, கட்டடங்களுக்குரிய கணக்கிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது.

தரைமேல் நிற்கும் கட்டடம் நடுக்கத்தின்போது தன் நிறையின் நிலைமத்தாலேயே ஊசலாடுகிறது. நாற்புறமும் நிலத்தால் பற்றப்பட்ட சுரங்கமோ நிலம் நெளியும் அளவுக்கே பெரும்பாலும் தானும் நெளிகிறது. நிலத்தின் அசைவு வேகத்தை அதனூடே செல்லும் குறுக்கலையின் வேகத்தால் வகுத்தால் அந்நெளிவின் அளவு, அதாவது திரிபு, தோராயமாகக் கிடைக்கும். நிலம் வினாடிக்கு 0.2 மீட்டர் வேகத்தில் அசைவதாகக் கொண்டால், குறுக்கலை வினாடிக்கு 2,000 மீட்டர் செல்லும் கடும்பாறையில் 6 மீட்டர் விட்டமுள்ள சுரங்கத்தின் விட்டம், அத்திரிபில் பாதியளவாக, ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டரும், 200 மீட்டர் மட்டுமே செல்லும் மென்மண்ணில் 3 மில்லிமீட்டரும் மாறும்.

உண்மையான நிலம் இவ்வளவு சீரானதன்று என்பதால், பாறையையும் மண்ணையும் கான்கிரீட் உறையையும் சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றின் அசைவையும் நொடிக்கு நொடி கணக்கிடும் வரம்புறு கூறு முறை கையாளப்படுகிறது. ஒரு கட்டம் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரையே இருக்கலாம். வினாடிக்கு 10 முறை அதிரும் அலை மென்மண்ணில் 20 மீட்டர் நீளமுடையதாதலால், அங்கே கட்டம் ஏறத்தாழ 2 மீட்டருக்குள் அமைய வேண்டும். மாதிரியின் விளிம்பில் அலை மோதித் திரும்பினால் இல்லாத நடுக்கம் கணக்கில் புகுந்துவிடும் என்பதால், 1969இல் லைஸ்மரும் குல்மையரும் முன்வைத்த அலையுறிஞ்சும் விளிம்புகள் அங்கே பொருத்தப்படுகின்றன.

1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில், வெட்டி மூடும் முறையில் கட்டப்பட்ட டைகாய் நிலத்தடி நிலையத்தின் நடுத்தூண்கள் நொறுங்க, கூரை சரிந்து மேலிருந்த சாலையும் தாழ்ந்தது. பக்கவாட்டில் நெளிந்த மண்ணோடு நெளிந்துகொண்டே மேற்சுமையையும் தாங்கும் திறன் அத்தூண்களுக்கு இல்லை.

2016ஆம் ஆண்டு இந்தியத் தரநிலைப்படி மைசூர் நடுக்க அபாயம் மிகக் குறைந்த இரண்டாம் மண்டலத்தில், கடினமான நைஸ் பாறைமீது அமைந்துள்ளது. ஆயினும் சுரங்க வாயில்களில் பாறை சிதைந்து மண்ணாகும் இடத்திலும், பிளவுகள் குறுக்கிடும் இடத்திலும் நெளிவு திடீரென மாறுகிறது. அவ்விடங்களில் துளையிட்டு அலைவேகத்தை அளந்த பின்னரே கணினியின் விடை நம்பத்தக்கதாகும்; அளக்காத நிலத்தை எத்துணை நுண்ணிய கட்டமும் காட்டித் தராது.