முழுப் புத்தகத்தையும் கொப்பி எடுக்கலாமா?

வந்தாறுமூலையில் கணினி விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை, கோவில்குளம் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளை, பொறியியல் படிக்க ஒலுவிலுக்கு பஸ் ஏறுகிற பிள்ளை, மூவருக்கும் முதல் செமஸ்டரிலேயே வருகிற தலையிடி ஒன்றுதான்: புத்தகத்துக்குக் காசு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் சில மாதங்களில் 350ஐத் தாண்டியது. பிறகு ஓரளவு இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அதனால் எல்லோரும் கொப்பிக் கடைக்குத்தான் போகிறார்கள்.

இதில் எது குற்றம், எது உரிமை? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் 12ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. சட்டபூர்வமான பிரதி ஒன்றிலிருந்து, உங்கள் சொந்தத் தேவைக்கு மட்டும், ஒரேயொரு கொப்பி எடுக்கலாம். ஆனால் முழுப் புத்தகத்தையோ அதன் பெரும்பகுதியையோ போட்டோக்கொப்பி எடுக்க அந்த அனுமதி செல்லாது. படிப்புக்குத் தேவையான சில பக்கங்களுக்குப் பயப்பட வேண்டாம். 'பத்து வீதம் வரை எடுக்கலாம்' என்று சீனியர்மார் சொல்லும் கணக்கு சட்டத்தில் இல்லை. வகுப்பில் கற்பிக்க விரிவுரையாளர் சிறு பகுதியைப் பிரதி எடுத்துக் கொடுப்பதற்கும் இடமுண்டு.

தெரிந்தே மீறினால் நீதவான் நீதிமன்றம் ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஸ்பைரல் போட்டு அடுக்கி விற்கிற கடைக்காரருக்கு மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம். பெட்ச் முழுவதற்கும் காசு சேர்த்து நாற்பது கொப்பி அடிக்கிறவர் 'சொந்தத் தேவை' என்று சொல்லித் தப்ப முடியாது. டில்லிப் பல்கலைக்கழகக் கொப்பிக் கடை வழக்கில் 2016இல் பதிப்பகங்கள் தோற்றதைச் சிலர் காட்டுவார்கள். அது இந்தியச் சட்டத்தின் கல்வி விலக்கை வைத்து வந்த தீர்ப்பு. இங்குள்ள நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

சட்டத்தை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறோர் ஆபத்து. மின்தடையின் நிறக் குறியீட்டுப் பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் கொப்பி எடுத்துப் பாருங்கள்: மண்ணிறமும் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பல். வயரிங் படத்தில் இது விளையாட்டல்ல. இங்கே வயரிங் வேலை தழுவுவது பிஎஸ் 7671 என்ற பிரித்தானிய விதியை. அதன் பழைய நிற முறையில் நீலம் மூன்றாவது ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். 2004இல் வந்த புது முறையில் நீலம் நியூட்ரல், கறுப்பு ஒரு ஃபேஸ். பழைய பதிப்பையோ, சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற முறையைப் பின்பற்றும் இந்தியப் புத்தகத்தையோ நம்பி வீட்டு வயரில் கைவைத்தால் உயிருக்கே ஆபத்து. கோட்பாட்டுக்குப் பழைய பதிப்பு தாராளமாகப் போதும். வயரிங்குக்குப் புதியதைத்தான் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் ஸ்கேன் பிரதிகளில் அடுக்குக்குறி கீழே இறங்கி, 2ⁿ என்பது 2n ஆகிவிடுவதும் உண்டு. n பத்தானால் விடை 1024க்குப் பதில் 20!

சரி, காசில்லாதவர் என்ன செய்வது? முதலில் இந்தியப் பதிப்பைத் தேடுங்கள். பல பெரிய பதிப்பகங்கள் தெற்காசியாவுக்கென மலிவாக அச்சிடுகின்றன. பின்னட்டையில் விற்பனைக்குரிய நாடுகளில் இலங்கையும் இருந்தால் அதை வாங்குவதில் தவறேதும் இல்லை. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் ஐஎஸ்பிஎன் பெரும்பாலும் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். அடுத்தது, ஆசிரியர்களே இலவசமாகத் தந்தவை. அலன் டௌனியின் 'திங்க் பைதன்', டோனி குப்பால்டின் 'லெசன்ஸ் இன் எலெக்ட்ரிக் சர்க்கிட்ஸ்' இரண்டையும் உங்களுக்கென முழுதாகப் பிரதி எடுத்தாலும் குற்றமில்லை. இயக்க முறைமைக்கு 'ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ்: த்ரீ ஈஸி பீசஸ்' நூலை அத்தியாயம் அத்தியாயமாகச் சும்மா இறக்கிக்கொள்ளலாம். ஐஐடிக்களின் என்பிடெல் விரிவுரைகளும் இலவசம்தான்.

அசல் விலை வாங்கிக்கொண்டு மங்கிய அச்சும் ஒட்டாத முதுகுமாகப் போலிப் பிரதியைத் தலையில் கட்டினால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடலாம். அதற்குக் கையில் பில் இருக்க வேண்டும். கடைக்காரர் தராவிட்டால், காசு கொடுக்கும் முன்பே கேட்டு வாங்குங்கள்.