கேலிப் பாட்டிலிருந்து கண்ணீர்ப் பாட்டுக்கு!

ஊரைச் சிரிக்க வைத்துப் பேர் வாங்கிய பாட்டுக் கோஷ்டி ஒன்று, திடீரென்று ஒரு நாள் அழுதுகொண்டு மேடை ஏறினால் என்ன ஆகும்? ரசிகர்கள் எழுந்து போய்விடுவார்களா? உட்கார்ந்து கேட்பார்களா?

அமெரிக்காவில் ‘ரிலையண்ட் கே’ என்ற கிறிஸ்தவக் கோஷ்டிக்கு, 2009-ம் ஆண்டில் இந்தச் சோதனை வந்தது.

காரின் பெயர்

ஓஹியோ மாநிலத்தில் காண்டன் என்று ஓர் ஊர். அங்கே பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மாட் தீசன், மாட் ஹூப்ஸ், பிரையன் பிட்மன் என்ற மூன்று பையன்கள், 1998-ம் ஆண்டில் சேர்ந்து ஆரம்பித்தது இந்தக் கோஷ்டி. ஹூப்ஸிடம் ‘பிளிமத் ரிலையண்ட் கே’ என்ற கார் ஒன்று இருந்தது. அதன் பெயரையே கோஷ்டிக்கு வைத்தார்கள். கார் கம்பெனியோடு வம்பு வேண்டாம் என்று, ஓர் எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்!

அவர்கள் பாடியது ‘பாப்-பங்க்’ ரகம். அதில் டிரம் குதிரைப் பாய்ச்சலில் போகும். கிடார் காது அதிர முழங்கும். ஆனால், அத்தனை இரைச்சலுக்கும் மேலே வரும் மெட்டு இனிப்பாக இருக்கும். ஒரு தடவை கேட்டாலே வாயில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும்.

அமெரிக்காவில் கிறிஸ்தவப் பாட்டுகளுக்கென்றே தனிக் கம்பெனிகளும், தனி ரேடியோ நிலையங்களும், தனிக் கடைகளும் உண்டு. சர்ச்சுகளில் கூடும் வாலிபர் சங்கங்கள்தாம் இந்தக் கோஷ்டியின் முதல் ரசிகர்கள்.

ஒரே கும்மாளம்!

முதல் இசைத்தட்டு 2000-ம் ஆண்டில் வந்தது. அடுத்து 2001-ல் ஒன்று, 2003-ல் ஒன்று. எல்லாவற்றிலும் ஒரே கும்மாளம்! பெண்களே பையன்களைக் கூப்பிடும் பள்ளிக்கூட நடன விருந்தைப் பற்றி ஒரு பாட்டு. மனநிலைக்குத் தகுந்தாற்போல் நிறம் மாறும் மோதிரத்தைப் பெண்கள் போட்டுக்கொண்டால் பையன்கள் பிழைப்பார்கள் என்று ஒரு பாட்டு.

தெய்வ பக்திப் பாட்டுகளும் இருந்தன. ஆனால் வேடிக்கை ஒரு பாட்டில், வேண்டுதல் மற்றொரு பாட்டில் என்று, இரண்டும் பெரும்பாலும் தனித்தனியே நின்றன.

பியானோ வந்தது

2004-ம் ஆண்டு நவம்பரில் வந்த ‘ம்ஹ்ம்’ என்ற தட்டில் மாறுதல் தெரிந்தது. கிடாருக்குப் பக்கத்தில் பியானோ வந்து உட்கார்ந்தது. நேற்றைய தன்னை நினைத்து இன்று வெட்கப்படும் ஒருவனின் மனம் பாட்டாயிற்று. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது 15-வது இடத்தைப் பிடித்தது. 5 லட்சம் பிரதிகளுக்கு உரிய ‘தங்கத் தட்டு’ விருதும் கிடைத்தது. ஆனால் அதே ஆண்டில் பிட்மன் கோஷ்டியை விட்டு, தோட்டம் அமைக்கும் வேலைக்குப் போய்விட்டார்!

2007-ல் வந்த ஐந்தாவது தட்டு 6-வது இடத்துக்கே ஏறியது. அதன் கடைசிப் பாட்டு 11 நிமிடம்! நுரையீரல் புற்றுநோயால் சாகக் கிடக்கும் ஒரு மனிதன், தன் வாழ்நாள் முழுவதையும் சொல்லிக்கொண்டு வருகிறான். முடிவில் ஏசுநாதரின் குரல் அவனுக்குப் பதில் சொல்கிறது. ‘சுவிட்ச்புட்’ கோஷ்டியின் ஜான் போர்மன் அந்தக் குரலைப் பாடினார். வேடிக்கைக் கோஷ்டிக்குள் இப்படி ஒரு பாட்டு இருந்ததா என்று கேட்டவர்கள் வியந்தார்கள்.

மனம் உடைந்த பிறகு

ஆனாலும் அது அவர்கள் கற்பனை செய்த மனிதனின் கதை. அடுத்தது சொந்தக் கதை.

பாட்டு எழுதும் தீசனுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோயிற்று. அவர் டென்னசி மாநிலத்தில் வின்செஸ்டர் என்ற ஊரில் தனியாகப் போய் இருந்துகொண்டு எழுதினார். 2009-ம் ஆண்டு அக்டோபரில் ‘பர்கெட் அண்ட் நாட் ஸ்லோ டவுன்’ வெளிவந்தது. ‘மற, ஆனால் தயங்கி நிற்காதே’ என்பது அதன் கருத்து.

இந்தத் தட்டில் கேலிப் பாட்டே இல்லை. ஒரு பாட்டின் வால் அடுத்த பாட்டின் தலையோடு சேரும்படி, இடையிடையே சின்னச் சின்ன இசைத் துண்டுகளை வைத்திருந்தார்கள். முதலிலிருந்து கடைசி வரை ஒரே துக்கம், ஒரே கதை. வேகமான பாட்டுகளும் உண்டு. ஆனால் அது விளையாட்டுப் பிள்ளையின் ஓட்டம் அல்ல. துக்கத்தை விட்டு விலகிப் போகிறவனின் ஓட்டம்.

பக்தி எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை! உபதேசமாக நிற்காமல், துக்கத்துக்குள்ளேயே கலந்துவிட்டது. தன்னந்தனியே காரில் போகிறவன், தனக்குத் துணை உண்டு என்று உணர்கிறான். ‘கடவுளை நம்பினால் கவலை பறந்துவிடும்’ என்று அவன் பாடவில்லை. கவலையோடுதான் நம்புகிறான். சர்ச்சில் உட்கார்ந்திருந்த பையன்களுக்கும் வயது ஏறியிருந்தது. அவர்களில் பலருக்கும் மனம் உடைந்த அனுபவம் உண்டு. அவர்களுக்கு இந்தப் பாட்டு வேண்டியிருந்தது.

ரசிகர்கள் எழுந்து போனார்களா? விற்பனைப் பட்டியலில் இந்தத் தட்டு பிடித்த இடமும் 15!

சிரிப்பு திரும்பியது

2013-ல் வெளி ஆட்களையும் சேர்த்துக்கொண்டு எழுதிய ஒரு தட்டு, பழைய ரசிகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. 2016-ல் ‘ஏர் பார் ப்ரீ’ என்ற 16 பாட்டுகள் கொண்ட தட்டு வந்தபோது, கோஷ்டியில் மிஞ்சியவர்கள் தீசனும் ஹூப்ஸும் மட்டுமே.

அந்தத் தட்டில் நீர்யானையின் பெயரில் ஒரு பாட்டு இருக்கிறது. பழைய குறும்பேதான்! ஆனால் இந்தத் தடவை, சிரிப்பும் துயரமும் பிரார்த்தனையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.