குலசை ஏவுதளம்: பட்டா இல்லாதவர் எந்தக் கணக்கில்?

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு காலனியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "குலசேகரப்பட்டினத்துல ராக்கெட் விடப் போறாங்களாமே, நம்ம மலைக்கோட்டையில இருந்து விட்டா ஆகாதாண்ணே?" மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல அது.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. பூமத்திய ரேகையில் அந்த வேகம் மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர். வடக்கே போகப் போகக் குறையும். நம் திண்டுக்கல்லில் சுமார் 1,645. கிழக்கு நோக்கி ஏவும் ராக்கெட்டுக்கு இந்த வேகம் பூமி தரும் இனாம். அந்த வகையில் மலைக்கோட்டை ஸ்ரீஹரிகோட்டாவைவிட ஒரு படி மேல்தான். ஆனால் ராக்கெட்டின் எரிந்து முடிந்த பாகங்கள் கீழே விழும். நமக்குக் கிழக்கே நத்தம், சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஊர் ஊராக மக்கள். அதனால்தான் கடற்கரை தேடுகிறார்கள்.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. எடுக்கப்பட்ட நிலம் 2,200 ஏக்கருக்கும் மேல். 'பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் எரிபொருள் மிச்சம்' என்று மேடைதோறும் சொன்னார்கள். இது பாதி உண்மை. ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் குலசைக்கும் சுழற்சி வேகத்தில் உள்ள வித்தியாசம் மணிக்கு 30 கிலோமீட்டர், நம் டவுன் பஸ் வேகம். செயற்கைக்கோள் பூமியைச் சுற்றத் தேவையான வேகமோ சுமார் 28,000.

உண்மையான காரணம் இலங்கை. குலசையில் ஏவப்போவது எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறிய ராக்கெட். நிலத்தைப் படம் எடுக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் வடக்கு தெற்காக, துருவங்களின் மேலாகச் சுற்றுகின்றன. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் பாதையில் இலங்கை குறுக்கிடும். எனவே கடலுக்குள் விலகிப் போய்த் திரும்ப வேண்டும். பெரிய ராக்கெட் அந்தச் சுற்றைத் தாங்கும். துருவப் பாதைக்குச் சுமார் 300 கிலோ மட்டுமே தூக்கும் சின்ன ராக்கெட் தாங்காது. குலசைக்குத் தெற்கே திறந்த கடல். மகேந்திரகிரியும் பக்கத்தில்தான். இந்தத் துருவப் பயணத்துக்குப் பூமியின் கிழக்குச் சுழற்சியால் பயனே இல்லை.

பூமத்திய ரேகையின் முழு லாபம் வேறிடத்தில் இருக்கிறது. தொலைக்காட்சி, தகவல் தொடர்புக்கான செயற்கைக்கோள்கள் அந்த ரேகைக்கு நேர்மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். தொலைவிலிருந்து ஏவினால் பாதையை வளைக்கவே எரிபொருள் போய்விடும். கஜகஸ்தானின் பைகோனூரிலிருந்து ரஷ்யாவின் சோயூஸ் ராக்கெட் இப்பாதைக்குச் சுமார் 1.7 டன் தூக்கியது. அதே வகை ராக்கெட் பிரெஞ்சு கயானாவின் கூருவிலிருந்து, ஐந்து டிகிரியிலிருந்து, ஏறத்தாழ 3 டன் தூக்கியது. 5,854 கிலோ எடையுள்ள நமது ஜிசாட்-11, 2018இல் அங்கிருந்துதான் போனது. இந்த லாபத்தை நாம் மறுக்கவில்லை. அறிவியலை மறுப்பது நம் வேலையும் அல்ல.

ஆனால் இந்தக் கணக்கில் ஏறாத செலவு ஒன்று உண்டு. பிரேசிலின் அல்காந்தரா, பூமத்திய ரேகைக்கு இரண்டே டிகிரி தெற்கே. இதைவிட நல்ல இடம் உலகில் அரிது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்களின் வழிவந்த கிலொம்போலா மக்கள் தலைமுறைகளாக அங்கே மீன்பிடித்தும் பயிர் செய்தும் வாழ்ந்தார்கள். 1980களில் ஏவுதளத்துக்காக 312 குடும்பங்கள் கடலோரத்திலிருந்து உள்நாட்டுக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. மீனவரைக் கடலிலிருந்து பிரித்துவிட்டு வீடு கட்டித் தந்தோம் என்றார்கள். பிரேசிலின் சொந்த ராக்கெட் 1997இலும் 1999இலும் தோற்றது. 2003இல் ஏவுதளத்திலேயே வெடித்து 21 பேர் இறந்தார்கள். அந்த மக்களின் நில உரிமையைப் பிரேசில் மீறியது என்ற மனித உரிமை நீதிமன்றத் தீர்ப்பு 2025 மார்ச்சில்தான் வெளியானது. நாற்பது ஆண்டு தாமதம்!

அவர்கள் நமக்கு அந்நியர் அல்லர். ஸ்ரீஹரிகோட்டா தீவும் வெறும் காடாக இருந்ததில்லை, யானாதிப் பழங்குடியினரின் வாழ்விடம் அது. அவர்கள் இடம்பெயர்ந்த கதை நம் பாடப்புத்தகத்தில் இல்லை. ராக்கெட் ஏவும் நாட்களில் பழவேற்காட்டு மீனவர் கடலுக்குப் போகக் கூடாது. அன்றைய கூலி யார் கணக்கு?

குலசை என்றால் நமக்கு முத்தாரம்மன் தசராவும், பக்கத்து உடன்குடிக் கருப்பட்டியும்தான் நினைவு வரும். அங்கே நிலம் கொடுத்தவர்களின் இழப்பீடு பற்றிப் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். அந்த நிலத்தில் ஆடு மேய்த்தவர், விறகு பொறுக்கியவர், களை எடுத்தவர், அடுத்தவர் பனையில் கூலிக்கு ஏறியவர் எந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்? நம் பக்கம் நான்குவழிச் சாலைக்கு நிலம் எடுத்தபோது பார்த்தோம். பட்டா இருந்தவர் கையில் காசோலை, அதே வயலில் முப்பது வருடம் நாற்று நட்டவர் கையில் ஒன்றுமில்லை. நிலமில்லாத தலித் கூலிக் குடும்பம் அரசுத் தாளில் இருப்பதே இல்லை.

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் இதை மாற்றியிருக்க வேண்டும். 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்பதற்குச் சொந்த நிலம் தேவையில்லை என்கிறது அதன் மூன்றாம் பிரிவு. மூன்று ஆண்டுகளாக அந்தப் பகுதியில் வேலை செய்து பிழைத்த விவசாயக் கூலி, குத்தகைதாரர், கைவினைஞர் எல்லாரும் அதில் வருவார்கள். நீர்நிலையை நம்பிய மீனவரும் வருவார்கள். எந்தச் சட்டத்தின் பெயரில் நிலம் எடுத்திருந்தாலும் இந்த விளக்கத்தின்படி ஊர் ஊராகப் பெயர்ப் பட்டியல் எடுத்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். விடுபட்டவர் தன் பெயரைச் சொல்ல அவகாசம் தர வேண்டும். ஏவுதளத்தில் வரும் காவல், தோட்டம், ஓட்டுநர், தொழில்நுட்ப உதவியாளர் வேலைகளில் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முதலிடம் தர வேண்டும். வெறும் துப்புரவு வேலையைக் கொடுத்துவிட்டு வேலைவாய்ப்பு என்று சொல்லக் கூடாது.

அந்தப் பையனுக்குக் கரும்பலகையில் உருண்டை வரைந்து வேகக் கணக்கைக் காட்டினோம். சரியாகவே போட்டான். போட்டுவிட்டு, "அந்த எடத்துல முன்னாடி யாரு இருந்தாங்கண்ணே?" என்று கேட்டான். அடுத்த வகுப்பை அதிலிருந்து தொடங்குகிறோம்.